தீர்ப்பு சொல்லாமல் எழுந்திருக்க மாட்டோம்

இங்கன உக்காரலாமாம்மா? பைய எடுக்காண்டாம், கெடக்கட்டும். நான் என் பைய மடியில வச்சிக்கிடுதேன். நீ தமிழ்ப் பிள்ளதானே? எப்படித் தெரிஞ்சுதுன்னு பாக்கியா? ஸ்டாப்புல நின்னு போன்ல 'சாப்ட்டேம்மா, சாப்ட்டேம்மா'ன்னு கொட்டாவி விட்டுக்கிட்டே பொய் சொன்ன பாரு, அதுல தெரிஞ்சுபோச்சு. வேற எந்த ஊருப் பிள்ளையும் அம்மாகிட்ட இந்தப் பொய்யச் சொல்லாது.

நான் பியூலா. பாளையங்கோட்ட. அங்க ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் எடுத்துக்கிட்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு இங்க ஆஸ்பத்திரி லேப்ல வேல கெடச்சுதுன்னு வந்தோம். இப்ப இந்த யுனிவர்சிட்டில பார்ட் டைம் டீச்சர். இங்கிலாந்துல வந்து இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கியான்னு எங்க சர்ச்சு ஆளுங்க போன்ல சிரிக்காங்க. சிரிக்கட்டும், சவம். அவங்க பிள்ளைங்க இங்க வந்தா எங்கிட்டதானே வரணும்.

ஆனா இன்னைக்கி நான் போறது கிளாசு எடுக்க இல்ல. நியாயம் கேக்கப் போறேன். டெபரான்னு ஒருத்தி, எங்களுக்கெல்லாம் தலைவி. என் டிஸ்கஷன் கிளாச எங்கிட்ட இருந்து புடுங்கிட்டு, இனிமே நீ லிசனிங் கிளாசு எடுங்கா. லிசனிங்! ஒரு ரெக்கார்டிங்கப் போட்டுட்டு வாயப் பொத்திக்கிட்டு நிக்கணும். இதுக்கு எதுக்கு டீச்சரு? ஒரு பெட்டியும் ஒரு பட்டனும் போதாதா? நீயே சொல்லு. இரு, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு.

என் வேல என்னன்னா, இங்க யுனிவர்சிட்டில சீட்டு கெடச்சு வார வெளிநாட்டுப் பிள்ளைங்க இருக்காங்கல்ல, அதுல இங்கிலீஷ் கொஞ்சம் பத்தாத பிள்ளைங்க கோடகாலத்துல எங்ககிட்ட படிச்சுப் பாசாகணும். பாசானாத்தான் உள்ள விடுவாங்க. இல்லன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு ஊரப் பாத்துப் போக வேண்டியதுதான். கட்டுரை எழுதுறது, லெக்சர் கேட்டுக் குறிப்பெடுக்கிறது, இதெல்லாம் எப்படியாவது ஒப்பேத்திருவாங்க. எல்லாரையும் குப்புறத் தள்ளுறது இந்த டிஸ்கஷன் பரீட்சதான். நாலு பேர ஒரு மேசையச் சுத்தி உக்கார வச்சு, ஒரு தலைப்பக் குடுத்து, பேசுங்கம்பாங்க. மூலையில ஒரு பரீட்சக்காரர் உக்காந்து மார்க்கு போடுவாரு. அவரு வாயே தெறக்கக் கூடாது. பிள்ளைங்கதான் தங்களுக்குள்ள பேசணும், மறுக்கணும், அடுத்தவன் பேசிக்கிட்டிருக்கையிலே எடம் பாத்து உள்ள நொழையணும்.

எங்கிட்ட வந்த நாலும் தங்கமான பிள்ளைங்க. கஷ்டமே அதுதான். ஃபஹத்னு சவூதிப் பையன். மரியாதைன்னா அப்படி ஒரு மரியாத. கதவத் தெறந்து பிடிச்சிக்கிட்டு 'நீங்க மொதல்ல'ன்னு நின்னான்னா கட்டடம் காலியாகிற வரைக்கும் நிப்பான். எலிஃப், துருக்கிக்காரி. யாரு எதச் சொன்னாலும் தலையாட்டுவா. யெர்லான், கஜகஸ்தான். ஆளு ஆறடி. வயித்துக்கு வேணுங்கிறது கெடச்சுட்டா அவனுக்கு உலகத்துல ஒருத்தரோடயும் கருத்து வேறுபாடு கெடையாது. நாலாவது மெய்லின், சீனப் பிள்ள. சிரிப்பா. அது ஒண்ணுதான் செய்வா.

மொத ஒத்திகைக்கு 'சுற்றுலாவக் கட்டுப்படுத்தணுமா'ன்னு தலைப்புக் குடுத்தேன். உக்காந்திருக்காங்க, உக்காந்திருக்காங்க, ஒரு சத்தம் இல்ல. கடேசில எலிஃப் தொண்டையச் செருமிக்கிட்டு 'நான் ஒத்துக்கிடுதேன்'ன்னா. ஒருத்தரும் இன்னும் ஒண்ணும் சொல்லல பிள்ள! எத ஒத்துக்கிட்டான்னு எனக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது. ஃபஹத் அதுக்கு 'மிக நல்ல கருத்து'ன்னான். யெர்லான் பிஸ்கட் சாப்ட்டான். மெய்லின் சிரிச்சா. அம்புட்டுதான் டிஸ்கஷன்.

டெபரா இதுக்குன்னு ஒரு வைத்தியம் வச்சிருக்கா. அட்டை. ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு வரி, 'உங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனாலும்'னு. அதக் கையில குடுத்தா பேச்சு தானா வரும்ங்கா. பிள்ளைங்க ஆளுக்கொரு அட்டைய எடுத்து வாசிச்சிட்டு, அடுத்தாளுட்ட குடுத்துட்டு, சீட்டு வெளையாடுத மாதிரி உக்காந்திருந்தாங்க.

அன்னைக்கி சாயங்காலம் காப்பி மிஷின் பக்கத்துல மெய்லின் நிக்கா. தோளு குலுங்குது. என்னம்மான்னு கேட்டேன். போன தடவையும் இதே பரீட்சைல ஒரு வார்த்த பேசாம ஃபெயிலாம். இந்தத் தடவயும் போச்சுன்னா சீட்டு போயிரும். பாலம் கட்டப் படிக்கணும்னு சின்னப் பிள்ளையில இருந்து ஆசையாம். "பேச நெறைய இருக்கு டீச்சர். அவங்க நிறுத்தட்டும்னு காத்துக்கிட்டே இருக்கேன். நிறுத்துறதுக்குள்ள பரீட்ச முடிஞ்சிருது"ன்னா. நம்ம வீட்டுப் பிள்ள அழுத மாதிரி இருந்துச்சு. இந்தப் பிள்ள பாசாகாம நான் ஓயமாட்டேன்னு அந்த மிஷினு முன்னாலயே மனசுல சொல்லிக்கிட்டேன்.

ராத்திரி சோறு வடிச்சுக்கிட்டிருக்கும்போதுதான் மண்டையில பளிச்சுன்னுச்சு. நாலு பேரு உக்காந்து சண்ட போடாம சண்ட போடுறது எப்படின்னு இவங்களுக்குத் தெரியல. நமக்குத் தெரியும்லா? பொங்கல் அன்னைக்கிக் காலையில டிவியப் போட்டா என்ன நடக்கு? பட்டிமன்றம்! நானே எங்க சர்ச்சு அசனத்துல, ஊரே பந்தியில உக்காந்து சாப்ட்டுக்கிட்டிருக்க, 'குடும்பத்தத் தாங்குறது மாமியாரா மருமகளா'ன்னு மருமக கட்சியில பேசி, எங்க மாமியாரு எழுந்து நின்னு கை தட்டிட்டுப் போயி, அப்புறம் ரெண்டு மாசம் எங்கிட்ட பேசாம இருந்த ஆளுதான்.

மறுநாளே ஆரம்பிச்சேன். ரெண்டு கட்சி. நடுவுல நாக்காலியப் போட்டு நான் நடுவர். ரிசப்ஷன் மேசையில டிங்குன்னு ஒரு மணி இருக்கும்ல, அதக் கேட்டு வாங்கிக்கிட்டேன். விதிமொறையெல்லாம் சொல்லிக் குடுத்தேன். மொதல்ல நடுவரப் புகழணும். அப்புறம் எதிர்க்கட்சி ஆளப் பேர் சொல்லிக் கிண்டல் பண்ணணும். அதுக்கு மேல வீட்டுக் கதை ஒண்ணு. கடேசில குரல ஒசத்தி ஒரு கேள்வியக் கேட்டு, மேசையத் தட்டி, டக்குன்னு உக்காந்திரணும். உக்காரும்போது கை தட்டு வரணும். வரலன்னா நான் தட்டுவேன்.

நடுவருன்னா அதிகம் பேசக் கூடாது, கேட்டியா. முன்னுரையா கொஞ்சம். ஒவ்வொருத்தர் பேசி முடிச்சதும் அவங்க என்ன பேசுனாங்கன்னு அவங்களுக்கே எடுத்துச் சொல்லக் கொஞ்சம். நடுவுல ஒரு நகைச்சுவை, கடேசில தீர்ப்பு. அம்புட்டுதான். மீதி நேரம் பூரா பிள்ளைங்களுக்குத்தான். மீதி நேரமே வரலன்னா அது கடியாரத்துக் குத்தம்.

என்னமோ சொல்ல வந்தியா? இரு, இதோ இந்த எடத்த மட்டும் முடிச்சிக்கிடுதேன். இதுதான் முக்கியம்.

மெய்லின் அப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா. அப்பதான் எனக்கு ஒரு யோசன. இவங்க நாலு பேரும் ஒரே ஹாஸ்டல், ஒரே சமையக்கட்டு. தலைப்ப மாத்துனேன். 'பொதுச் சமையலறையில் பெரிய தொல்லை கருக விடுபவரா, கழுவாமல் விடுபவரா?' தலைப்பச் சொல்லி வாயி மூடல. மெய்லின் எந்திரிச்சா. நாக்காலி பின்னால விழுந்துச்சு. "நடுவர் அவர்களே! அறிவிலும் அழகிலும் சிறந்த நடுவர் அவர்களே!"ன்னா. அந்தப் பிள்ள உண்மையத்தான் பேசும். "இந்தா உக்காந்திருக்காரே என் அன்புச் சகோதரர் யெர்லான், இவரு ஒரு சட்டியில ஆட்டெறச்சி வேக வச்சாரு. சாப்ட்டாரு. சட்டிய அடுப்புலயே வச்சாரு. அந்தச் சட்டிக்குள்ள இப்ப ஒரு புது நாகரிகம் தோன்றி, அதுக்கு ராஜா இருக்காரு, மந்திரி இருக்காரு, சட்டிய நாங்க தொட்டா போரு வரும்!"

ஆண்டவரே, அந்தக் கிளாசுல எழுந்த சத்தம்! யெர்லான் மொகம் செவந்துபோச்சு. அவனும் எந்திரிச்சான். "நடுவர் அவர்களே, என் சகோதரி மெய்லின் மொளகா வறுக்கும்போது தீயணைப்பு வண்டி வந்ததச் சொன்னாளா?"ன்னான். ஃபஹத் கதவப் பிடிச்சிக்கிட்டு வழி விடுற பயதானே, அவனே மேசையில ஏறிட்டான். எலிஃப் மொத தடவயா 'இல்ல'ன்னா. 'இல்ல, இல்ல, இல்லவே இல்ல'ன்னு அந்த வார்த்தையோட ருசியக் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தா. பக்கத்து ரூம் டீச்சரு வந்து எதாவது விபத்தான்னு கேட்டுட்டுப் போனாரு.

அதுக்கப்புறம் கேக்கணுமா. பிள்ளைங்க என்னயவே இடைமறிக்க ஆரம்பிச்சிட்டுங்க. நான் தீர்ப்புல பாதியில இருப்பேன், ஃபஹத் மணிய எங்கையில இருந்து புடுங்கி அடிப்பான். மெய்லின் 'நடுவர் நேரம் முடிந்தது'ம்பா. நான் விடாமப் பேசுவேன், அவ அதுக்கு மேல பேசுவா. என் மேல அம்புட்டு பிரியம்.

பரீட்சையும் வந்துச்சு. பரீட்சக்காரரு ஹோவெல்ஸ்னு ஒரு வேல்ஸ்காரரு. ஒல்லியா, ஒசரமா, சோகமா. ரெக்கார்டர அமுக்க டீச்சரும் உள்ள இருக்கலாம், வாய் மட்டும் தெறக்கக் கூடாது. தலைப்பு, 'நகர மையத்தில் கார்களைத் தடை செய்ய வேண்டுமா?' நான் பட்டன அமுக்குனேன். நாலும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டுங்க. எந்திரிச்சுதுங்க. நேரா மூலைக்குப் போயி, ஹோவெல்ஸ நாக்காலியோட தூக்கிட்டு வந்து நடுவுல வச்சிட்டுங்க!

அவருக்கு ஒண்ணும் புரியல. பேசவும் கூடாது. கால மட்டும் ஆட்டுனாரு. எலிஃப் ஒரு தண்ணி டம்ளரையும் ஸ்பூனையும் அவரு முன்னால வச்சா. ஃபஹத் கையக் கட்டி நின்னு, "பாலைவனத்துல வழி தவறுனவனுக்கு நட்சத்திரம் மாதிரி எங்களுக்கு வாய்த்த நடுவர் அவர்களே"ன்னான். ஹோவெல்ஸ் திரும்பிப் பாத்தாரு, பின்னால வேற யாரும் நிக்காங்களான்னு. யாரும் இல்ல. மெதுவா டையச் சரி பண்ணிக்கிட்டாரு.

பேச்சுன்னா அப்படி ஒரு பேச்சு. இங்கிலீஷ்லதான், நான் ஒனக்காகத் தமிழ்ல சொல்லுதேன். யெர்லான் காரே வேண்டாம், நடக்கணும், நடந்தா ஆயுசு கூடும்ங்கான். மெய்லின் எந்திரிச்சு, "நடுவர் அவர்களே, இந்தச் சகோதரர் ஒரு மாடி ஏற லிஃப்ட்டுக்கு நிக்கிறவர். லிஃப்ட்டு ரிப்பேருன்னா அன்னைக்கி லீவு"ன்னா. ஹோவெல்ஸ் மார்க்கு போடுற காகிதத்தத் தூக்கி மூஞ்சிய மறச்சிக்கிட்டாரு. காகிதம் ஆடுது.

எல்லாம் முடிஞ்சுது. நாலும் அவரு மொகத்தையே பாக்குதுங்க. அவரு கதவக் காட்டுனாரு, போங்கன்னு. ஒண்ணும் அசையல. மெய்லின்தான் சொன்னா, "நடுவர் அவர்களே, தீர்ப்பு சொல்லாம நாங்க எந்திரிக்க மாட்டோம்." அவரு என்னயப் பாத்தாரு. நான் கூரையப் பாத்தேன். எனக்குத்தான் வாய் தெறக்க அனுமதி இல்லையே.

ஹோவெல்ஸ் தண்ணியக் குடிச்சாரு. பேச ஆரம்பிச்சாரு. அவங்க அப்பா ஒரு சின்னப் பச்ச கார் வச்சிருந்தாராம். ஞாயித்துக்கெழமயானா குடும்பமே அதுல நெருக்கியடிச்சு, இவரு மடியில நாயும், நாய் மடியில பூனையுமா கடலுக்குப் போவாங்களாம். அப்பா போனதுக்கப்புறம் அந்தக் கார வித்த அன்னைக்கி அழுதாராம். இப்ப தனியா இருக்காராம், நடக்கிறதால முட்டி வலி கொறஞ்சிருக்காம். அப்படிப் போகுது, அப்படிப் போகுது. வெளிய அடுத்த நாலு பேரு கதவத் தட்டுதாங்க, அவரு ஸ்பூனால டம்ளரத் தட்டி 'அமைதி'ங்காரு. காரும் வேணும், நடையும் வேணும், அப்பா மாதிரி ஆளும் வேணும்னு தீர்ப்பு. எலிஃப் அழுதுட்டா. நானும்தான். நடுவருன்னா இப்படில்லா இருக்கணும்.

அந்தச் சந்தோசம் சாயங்காலம் வரைக்கும்தான். டெபரா கூப்ட்டா. ரெக்கார்டிங்கப் போட்டுக் காட்டுனா. அதுல நாலு பிள்ளைங்களையும் சேத்துக் கூட்டுனதவிட பரீட்சக்காரரு பேசுனது அதிகமாம். இது பரீட்சையே இல்ல, மார்க்கு செல்லாது, மறுபடியும் எழுதணும், தானே பரீட்ச வைப்பேன்னுட்டா. இதுல என் தப்பு எங்க இருக்கு? தப்பு ஹோவெல்ஸ் மேல. நடுவரா உக்காந்தா சுருக்கமாப் பேசத் தெரியணும். மத்தவங்களுக்கு வழி விடாம ஒருத்தரே பேசிக்கிட்டிருந்தா அது என்ன பழக்கம்மா? எனக்கு அப்படிப்பட்ட ஆளுங்களக் கண்டாலே ஆகாது.

என்ன, ஜன்னலயே பாக்க? மழதான், விட்ரும்.

மெய்லின்ட்ட நான்தான் போயிச் சொன்னேன். அந்தப் பிள்ள மொகம் வெளிறிப்போச்சு. "நடுவர் இல்லாம எப்படி டீச்சர்?"ன்னா. ராத்திரி பூரா ஜெபம் பண்ணுனேன். ஆண்டவருக்கு நான் சொல்லி முடிக்கவே விடிஞ்சுபோச்சு.

மறுபரீட்ச அன்னைக்கி என்னய உள்ள விடல. கதவுல ஒரு கண்ணாடி உண்டு, அதுல மூக்க வச்சிக்கிட்டு நின்னேன். டெபரா மூலையில கையக் கட்டி உக்காந்திருக்கா. நாக்காலிய ஒருத்தரும் தொடக் கூடாது, என்னய ஒருத்தரும் புகழக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிட்டா. தலைப்பு 'பரீட்சைகள் தேவையா?' ஃபஹத் வாயத் தெறந்து மூடுனான். எலிஃப் தல ஆட ஆரம்பிச்சிட்டு. போச்சுடா, பழைய கதையாயிட்டுன்னு கண்ணாடியில மூக்க இன்னும் அழுத்துதேன்.

யெர்லான்தான் தொடங்குனான். பரீட்ச தேவைதான்னான், ஏன்னு சொல்ல இழுக்கான். அவன் இழுத்த இழுப்புல மெய்லின் கைய நீட்டி, "அந்த எடத்துல நிறுத்து, நான் ஒண்ணு சொல்லணும்"ன்னா. நொழஞ்சுட்டா பிள்ள! அவன் முடிக்கட்டும்னு காக்கல! நொழஞ்சவ போன தடவ ஃபெயிலான கதையச் சொல்லுதா. வாய் பேசலன்னா மூள இல்லன்னு எப்படி முடிவு பண்ணலாம்னு கேக்கா. ஃபஹத் மறுக்கான். இவ மறுப்ப மறுக்கா. அப்புறம் திரும்பி, "எலிஃப், நீ என்ன நெனைக்க, தலையாட்டாமச் சொல்லு"ங்கா. பாசு! நாலும் பாசு! நான் நடைபாதையிலயே 'ஸ்தோத்திரம்'னு கத்திட்டேன். ஒரு பேராசிரியரு கையில இருந்த காப்பியக் கீழ போட்டாரு. அந்தப் பிள்ள வெளிய வந்து என்னயக் கட்டிப் பிடிச்சா பாரு, எனக்குப் பேச்சே வரல. நம்ப மாட்ட, நெசமாவே வரல.

இப்ப கேளு. டெபரா பின்னாலயே வந்து மெய்லின்ட்ட கேக்கா, "வாயே தெறக்காத பிள்ளையாச்சே, அடுத்தவங்க பேச்சுல நொழையிறதுக்கு எங்க கத்துக்கிட்ட?"ன்னு. என் கண்ணு முன்னாலதான். மெய்லின் சிரிச்சா. "பியூலா டீச்சர் கிளாசுல நடுவுல நொழையலன்னா சாகிற வரைக்கும் பேச முடியாது. அங்க பழகிட்டா, மத்த எடமெல்லாம் ரொம்பச் சுலபம்"ன்னா.

எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு. வாழ்க்கையில எத்தன டீச்சருக்கு இப்படி ஒரு பாராட்டு கெடைக்கும்? டெபரா செவத்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. சிரிச்சிட்டு என்னய ரொம்ப நேரம் பாத்தா. மறுநாளு லிசனிங் கிளாசுன்னு மெயில் போட்டுட்டா. 'உங்களுக்கும் பயன்படும்'னு கீழ ஒரு வரி வேற. பொறாமதானே? வேற என்னவா இருக்கும்? அதுதான் நேர்ல போயி, மெய்லின் சொன்னத அவளுக்கே ஞாபகப்படுத்தி...

என்னது? எதுக்கு இப்படிக் கத்துத? ஒன் ஸ்டாப்பு அப்பவே போயிட்டா? மூணு தடவ சொல்ல வந்தியா? 'நிறுத்துங்க ஆன்ட்டி, நான் பேசணும்'னு என்னயவா சொல்லுத?

அட என் ராசாத்தி! இம்புட்டு நேரம் வாயே தெறக்காத பிள்ள, நான் பேசிக்கிட்டிருக்கையிலே எப்படி வெட்டி உள்ள வந்த! ஒரு பஸ்ஸு போற தூரத்துலயே ஒனக்கும் அந்த வித்த வந்துட்டு பாத்தியா! எறங்காத, எறங்காத. ஸ்டாப்பு போனா போகுது, உக்காரு. எங்கூட வா. டெபரா முன்னால நின்னு இப்பக் கத்துன மாதிரியே ஒருக்கா கத்திக் காட்டிரு. அதுக்கப்புறம் என் கிளாச எவ புடுங்குதான்னு பாப்போம்.